பாஸ்புக்கைக் கேட்டு வருகிறார்கள், உஷார்!

எம்.ரெட்டியபட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கிற பெற்றோர் எல்லோரும் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாவோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அந்தப் போன் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் வருகிறது.

"அம்மா, கல்வித்துறையில இருந்து பேசுறோம். உங்க மகளுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாங்கலைன்னா திரும்பிப் போயிரும்."

மகளின் பெயரைச் சரியாகச் சொல்வான். எந்தப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள் என்பதையும் சொல்வான். காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆபீஸில் இருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பிவிடுவாள். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிரும்" என்பான். பின் நம்பரைப் போட்டதும் கணக்கில் இருந்த பணம் இறங்கிவிடும். இது கற்பனை இல்லை. இதே முறையில் பெற்றோரை ஏமாற்றிய ஒரு கும்பலைக் கோவை சைபர் கிரைம் போலீஸ் 2024-ல் கைது செய்தது.

ஒன்றை மனதில் ஆணி அடித்தது போல் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே, போன்பே எதுவானாலும் பின் நம்பர் போடுவது பணம் அனுப்புவதற்கும் இருப்பு பார்ப்பதற்கும் மட்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேனும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

அரசு தரும் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் பாதி ஏமாற்று வாசலிலேயே நின்றுவிடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். பட்டம் படித்த பெண்ணுக்குத் தாலிக்கு 8 கிராம் தங்கமும் 50,000 ரூபாயும் தந்த திட்டம் அது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இந்தத் தொகை உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தடுக்க மாட்டார்கள். விவரங்களைக் கல்லூரியே பதிவேற்றும், அதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்புக் நகல் ஆகியவற்றை அவரிடம் கொடுத்தால் போதும். கட்டணம் ஒரு பைசா இல்லை. "உங்க பொண்ணு பேர் லிஸ்ட்ல இல்லை, ஐந்நூறு குடுங்க, நான் சேர்த்துவிடுறேன்" என்று எவன் சொன்னாலும் அவனை அந்தக் கல்லூரி ஆசிரியரிடமே கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் பக்கம் வானம் பார்த்த கரிசல். மிளகாயும் மல்லியும் கம்பும் விதைத்துவிட்டு, ஐப்பசி மழை காலை வாராமல் இருந்தால்தான் தையில் நாலு காசு கையில் புரளும். இடைப்பட்ட மாதங்களில் பல வீடுகளில் ரொக்கம் என்பதே கிடையாது. அந்த மாதங்களில்தான் பிள்ளைக்கு ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், அருப்புக்கோட்டைக்குப் பஸ், மதியச் சாப்பாடு என்று செலவு நிற்கும். அந்த ஆயிரம் ஒரு மாதம் வராமல் போனால் "நாளையில இருந்து காட்டு வேலைக்கு வா" என்ற பேச்சு எழும். பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் சேர்ந்தே எழும். நான் பதறுவது இதற்காகத்தான்.

போனில் வரும் திருடனையாவது குரலை வைத்துச் சந்தேகப்படலாம். சத்தமே இல்லாமல் பணம் வேறு பக்கம் போகும் வழி ஒன்று உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

உங்கள் ஆதாரை எத்தனை வங்கிக் கணக்கில் கொடுத்திருந்தாலும் அரசுப் பணம் விழுவது ஒரே ஒரு கணக்கில்தான். கடைசியாக எந்தக் கணக்கை மானியத்துக்கென்று ஆதாரோடு இணைத்தார்களோ அந்தக் கணக்கு அது. 2017-ல் ஏர்டெல் சிம்முக்கு ஆதார் சரிபார்க்கக் கைரேகை வைத்தவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலே அந்தக் கம்பெனியின் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. லட்சக்கணக்கான வீடுகளின் சமையல் கேஸ் மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அத்தனை பெரிய கம்பெனியிடமே இது நடந்தது. சந்தையில் குடை விரித்து உட்கார்ந்து "சிம் இலவசம், கணக்கு இலவசம், விரலை வைங்க" என்கிறவனிடம் நடக்காதா?

ஜார்க்கண்டில் 2020-ல் வெளிவந்த சிறுபான்மை மாணவர் உதவித்தொகை மோசடியும் இப்படி விரல் ரேகையில் தொடங்கியதுதான். தரகர்கள் ஏழைகளின் ஆதாரையும் கைரேகையையும் வாங்கி, அவர்கள் பெயரில் விண்ணப்பம் போட்டார்கள். வந்த பணத்தில் கொஞ்சத்தை அவர்கள் கையில் வைத்துவிட்டு மீதியைச் சுருட்டினார்கள். 2023-ல் ஒன்றிய அரசு இந்த உதவித்தொகை தொடர்பாக நாடு முழுக்க 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று தெரிந்தது. சிபிஐ வழக்குப் போட்ட தொகை 144 கோடிக்கு மேல்.

அதனால் இந்த வாரமே பிள்ளையோடு வங்கிக்குப் போங்கள். "ஆதார் இணைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "அரசுப் பணம் வர்ற மாதிரி என்பிசிஐ-ல சீடிங் ஆகியிருக்கா? எந்த பேங்க்ல ஆகியிருக்கு?" என்று கேளுங்கள். மானியத்துக்கென்று கணக்கை ஆதாரோடு இணைப்பதைத்தான் சீடிங் என்கிறார்கள். பதில் வாங்காமல் நகராதீர்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து திறந்து கொடுத்த அஞ்சலக வங்கிக் கணக்கு இருந்தால் அதிலும் பாருங்கள். எத்தனையோ பிள்ளைகளின் பணம் வராமல் போகவில்லை, பிள்ளைக்கே மறந்துபோன கணக்கில் கிடக்கிறது. பள்ளியில் படிக்கும்போது திறந்து, வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கணக்கு முடங்கிப் போயிருக்கும், அதையும் உயிர்ப்பித்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய பயம். கல்லூரி வாசலிலும் இன்ஸ்டாகிராமிலும் பையன்களை வளைக்கிறார்கள். "தம்பி, புதுசா ஒரு கணக்கு ஆரம்பி. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் குடுத்துரு. சில ஆயிரம் தர்றேன்." கடன் வாங்கிப் படிக்கிற பையனுக்கு அது பெரிய தொகை. ஒரு கையெழுத்துத்தானே என்று கொடுத்துவிடுகிறான். எங்கோ ஒரு ஊரில் யாரையோ மிரட்டிப் பறித்த லட்சங்கள் அவன் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் விசாரிக்கும்போது முதலில் சிக்குவது கணக்கின் சொந்தக்காரன். வாங்கிக்கொண்டு போனவனின் பெயர்கூட இவனுக்குத் தெரிந்திருக்காது. கணக்கு முடக்கப்படும், அதோடு உதவித்தொகையும் நிற்கும். வெளிமாநிலப் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நாளைக்குச் சீருடைப் பணிக்கோ அரசு வேலைக்கோ நன்னடத்தைச் சரிபார்க்கும்போது இந்த வழக்கு எழுந்து நிற்கும். தம்பிமார்களே, கெஞ்சிக் கேட்கிறேன். கூடப் படிக்கிறவன் கேட்டாலும் சொந்தக்காரன் கேட்டாலும் உங்கள் கணக்கை இரவல் கொடுக்காதீர்கள்.

ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு 2021-22-லிருந்து மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது. அதில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். வந்ததும் அதைக் கல்லூரியில் கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டுக் கடனுக்குத் திருப்பினால் கடைசி வருடம் சான்றிதழ் வாங்கும்போது சிக்கலாகும். "பணம் வந்ததும் நாங்களே எடுத்துக்கிறோம், கார்டையும் பின் நம்பரையும் குடுத்துட்டுப் போ" என்று கல்லூரி அலுவலகமோ விடுதியோ கேட்டால் கொடுக்க வேண்டாம். அப்படிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். பெற்றோரும் அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். உடனே சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். நிமிடக்கணக்கில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும், சீக்கிரம் சொன்னால் நடுவிலேயே நிறுத்திவைக்க வழி இருக்கிறது. வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்குங்கள். வந்த அழைப்பு, குறுஞ்செய்தி, க்யூஆர் கோடு எதையும் அழிக்காமல் எம்.ரெட்டியபட்டி காவல் நிலையத்துக்கோ விருதுநகர் சைபர் கிரைம் போலீஸிடமோ கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த எண்ணுக்குப் போனது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் முதலில் கேட்பது அந்த விவரங்களைத்தான்.