பழைய சேலையும் பாதுகாப்பான நீரும்

நோய் வந்தபின் வைத்தியரைத் தேடி ஓடுவதை விட, வராமல் காப்பதே மேல் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால், அதற்குக் கையில் காசு வேண்டுமே என்று ஓர் ஏழைத் தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது? பங்களாதேஷின் மத்லப் கிராமங்களில் அதற்கொரு பதில் உண்டு.

டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகளும் குளங்களும் நிறைந்த வட்டாரம் மத்லப். அங்கு ஆற்று நீரையும் குளத்து நீரையும் மொண்டு புழங்கும் குடும்பங்கள் பல. பங்களாதேஷில் பல குழாய்க் கிணறுகளின் நீரில் ஆசனிக் நஞ்சு கலந்திருப்பது 1990களில் தெரியவந்தது. நீரைக் கொதிக்க வைக்கவோ விறகுக்குத் தட்டுப்பாடு. இந்நிலையில் வாந்திபேதி எனும் கொலரா அவர்களை விட்டபாடில்லை.

துணியில் தங்கும் கிருமி

கொலராக் கிருமி மிக நுண்ணியது. தனியே இருந்தால் துணியில் தங்காது. ஆனால், நீரில் மிதக்கும் மிகச் சிறிய பிராணிகளின் உடலில் அது ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கிறது. அப்பிராணிகளைத் தடுத்துவிட்டால், ஒட்டியுள்ள கிருமிகளும் தடைப்படும். இதை அறிந்த விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் அம்மையாரும், அன்வர் ஹக் முதலிய அவரது குழுவினரும், அவ்வூர்ப் பெண்கள் பானங்களை வடிக்கும் சேலைத் துணியையே எடுத்துக்கொண்டனர். ஒற்றைத் துணி போதாது. நான்கு மடிப்பாவது வேண்டும். பலமுறை துவைத்த பழைய பருத்திச் சேலையே சிறந்தது. துவைக்கத் துவைக்க நூல் தளர்ந்து, துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. வடித்தபின் துணியை நன்கு அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

65 கிராமங்களில், சுமார் 133,000 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. சேலையில் வடித்த கிராமங்களில் கொலரா 48 வீதம் குறைந்திருந்தது!

ஐந்தாண்டுகளின் பின்

ஆய்வுக் காலத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, ஏன் வடிக்க வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று பெண்களுக்கு விளக்கி வந்தனர். ஆய்வு முடிந்து ஐந்தாண்டுகளின் பின் 7,233 பெண்களிடம் விசாரித்தபோது, 31 வீதமானோர் நீரை வடித்தே பயன்படுத்தினர். அவர்களில் 60 வீதமானோர் வடித்தது சேலையில்தான். கேட்பாரின்றியே இத்தனை பேர் தொடர்ந்தது பெரிய காரியம். ஆயினும் எஞ்சியோர் வடிக்கவில்லையே! ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதாது; சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சேலை எல்லாவற்றையும் தடுக்காது என்பதையும் மறந்துவிடலாகாது. வைரசுக் கிருமிகளும் ஆசனிக்கும் அதனூடே சென்றுவிடும். கொதித்தாறிய நீருக்கு அது ஈடாகாது. நீரை எவ்வளவு சுத்தமாக்கினாலும், மூடாத பானைக்குள் கழுவாத கையை விட்டு மொண்டால் அத்தனையும் வீணே.

சகோதரிகளே! பானைக்கு ஒரு மூடி, மொள்ள நீண்ட பிடியுள்ள அகப்பை, மலசலகூடம் சென்றபின்னும் சமைக்குமுன்னும் கைகழுவச் சவர்க்காரம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குங்கள். ஏனென்று காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் அறிந்து பழகிய பிள்ளை, நாளை தன் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கும்.