செடியடியில் சரளைக்கல் பரப்புதல்

சோழவரம் ஏரியின் ஜலம் சென்னை நகரத்தின் குடிநீருக்குச் செல்கிறது. நம் வீட்டுத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் கிணறே கதி. சித்திரை, வைகாசியில் அதுவும் குறையுங்கால், மல்லிகை, சம்பங்கி முதலியவற்றைக் காக்க எளிய உபாயம் ஒன்றுண்டு.

ஈர மண்ணிலுள்ள ஜலம் நுண்ணிய துவாரங்களின் வழியே மேலேறி ஆவியாகிறது. மண்மேல் சரளை பரப்பினால், கற்களிடையேயுள்ள பெரிய சந்துகளில் அது ஏற இயலாது. ஈரம் அடியிலேயே தங்கும். களையும் குறையும். சீன தேசத்து லான்ஜோ பிரதேசக் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாக இவ்விதமே முலாம்பழம் பயிரிட்டு வந்திருக்கின்றனர்.

முதலில் களை நீக்கி, மக்கிய எருவிட்டு, நன்கு நீர் பாய்ச்சுக. பின்பு சுண்டைக்காயளவுள்ள கழுவிய சரளையை இரண்டு அங்குல கனம் பரப்புக. தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுக. சுக்கான்கல் உதவாது, அதன் சுண்ணாம்பினால் மல்லிகை இலை வெளுக்கும். குளிர்ந்த மலைப்பிரதேசங்களில் ஐரிஸ் பூச்செடி வளர்ப்போர் அதன் கிழங்கை மூடலாகாது. வெயில் படாவிடில் அழுகும்.

வைக்கோலும் சருகும் மக்கி உரமாகும். ஆனால் கரையானை அழைக்கும். சரளைக்குக் கரையான் பயமில்லை, உரமும் ஆகாது. ஆதலால் ஆண்டுதோறும் சரளையை ஒதுக்கி எருவிடல் வேண்டும். மண்ணோடு கலந்துவிட்டால் அதைப் பிரிப்பது மிகக் கஷ்டம். நெல்வயலிலும், அடிக்கடி கொத்தும் கீரைப்பாத்தியிலும் போடற்க.

அங்கத்தினர் சிலர் கூடி ஒரு வண்டிச் சரளை வாங்கினால் செலவு குறையும். முதலில் ஒரு செடிக்குப் பரப்பி, பக்கத்துச் செடியை வெறுமனே விட்டு, நான்காம் நாள் இரண்டின் அடியிலும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். பிறகு தீர்மானியுங்கள்.