சுமை கூடும்போது குதிரை குறைவது ஏன்?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏத்தன் வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிப் பிழைக்கிறவர். பழைய டீசல் குட்டி யானையைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்கப்போகிறார். "பெட்ரோல்தான் லாபம்னு ஷோரூம்ல சொல்லுதாவ. மெக்கானிக்கு டீசலத்தான் எடுக்கச் சொல்லுதாரு. லோடு வண்டியில பெட்ரோல் எஞ்சின் நின்னு உழைக்குமா அண்ணாச்சி?"

உழைக்கும், சொன்ன எடையோடு நிறுத்தினால். அதற்கான காரணத்தைத் தேடிப்போனால் எனக்கு மிகப் பிடித்த ஒரு பொறியியல் விசித்திரத்தில் போய் நிற்கவேண்டிவரும்.

குட்டி யானை என்று நாம் கூப்பிடுகிற டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதன் டீசல் எஞ்சினுக்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிய அளவு அது. தோவாளைப் பூவையும் குளச்சல் மீனையும் வடசேரிக் காய்கறியையும் அந்தப் பாதி எஞ்சின்தான் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகள் சின்ன டீசல் வண்டியின் விலையை ஏற்றின. அந்த ஆண்டே பெட்ரோல் ஏஸ் வந்தது: 694 சிசி, 30 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர் இழுவை. முதல் டீசலின் இழுவை 38-தான். 2023 வரை வந்த மாருதி சூப்பர் கேரி பெட்ரோலோ 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், சுமார் 72 குதிரைத்திறன், 98 நியூட்டன் மீட்டர். இரண்டு வண்டிக்கும் அனுமதித்த சுமை ஏறக்குறைய முக்கால் டன்.

72 என்றதும் மயங்கவேண்டாம். அது நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிடைக்கும் கணக்கு. லோடு வண்டியை அந்தச் சுற்றில் யாரும் ஓட்டுவதில்லை. நம் ஆட்கள் 'வண்டி இழுக்குதா' என்றுதான் கேட்பார்கள். அதுவே சரியான கேள்வி.

அமெரிக்காவிலும் இதே வாதம் நடக்கிறது. அங்கே கனரக பிக்கப்புக்குப் பெட்ரோல் எஞ்சினா, டீசலா என்பது தீராத பஞ்சாயத்து. ஃபோர்டின் 7.3 லிட்டர் வி-8 430 குதிரைத்திறன் தருகிறது, ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் 401, ராமின் 6.4 லிட்டர் ஹெமி 400-க்குச் சற்று மேல். மூன்றுக்கும் வார்ப்பிரும்பு பிளாக். பெரும்பாலான கார்களுக்கு அலுமினியம் வந்துவிட்ட காலத்தில் இவர்கள் கனமான இரும்பை விடாமல் வைத்திருப்பது உழைப்பை எண்ணித்தான்.

விசித்திரம் ஃபோர்டில் இருக்கிறது. இதே 7.3 லிட்டர் எஞ்சினை அதைவிடப் பெரிய லாரிகளிலும் பொருத்துகிறார்கள். பெரிய வண்டிக்குக் கூடுதல் சக்தி கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? குறைத்துவிடுகிறார்கள். இந்த எஞ்சின் வந்த 2020-இல், பிக்கப்பில் 5,500 சுற்றில் 430 தந்தது, லாரியில் 3,900 சுற்றில் 350-தான் தந்தது. இழுவையோ பெரிதாக மாறவில்லை: 644 நியூட்டன் மீட்டர் 635 ஆனது. ஏற்றத்தில் சுமையை இழுக்கும் பலம் அப்படியே இருக்கிறது. வெட்டியது வேகச் சுற்றை மட்டும்.

காரணம் சூடு. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கான வேலையாகிறது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. டீசல் எஞ்சினில் தேவைக்கு மேல் காற்று உள்ளே போவதால் புகை அவ்வளவு கொதிப்பதில்லை. பெட்ரோலில் காற்றும் எரிபொருளும் கணக்காகக் கலந்து எரிவதால், முழு மிதியில் புகை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வைத் தழுவித்தான் வெளியே போகவேண்டும். அதனால் நீண்ட ஏற்றத்தில் பல எஞ்சின்கள் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கின்றன. அந்தக் கூடுதல் துளிகள் எரிந்து சக்தி தருவதற்காக வருவதில்லை. உள்ளே குளிர்விப்பதற்காக வருகின்றன. பிக்கப்காரர் முழு மிதி மிதிப்பது முந்திச்செல்லும் சில நொடிகளுக்கு. லாரிக்காரருக்கோ ஏற்றம் முடியும்வரை முழு மிதிதான். எங்கள் வீட்டில் உழவு மாடு நின்ற காலத்தில், எவ்வளவு திடமான காளையானாலும் வெயில் உச்சிக்கு வருமுன் அப்பா நுகத்தை இறக்கிவிடுவார். மாட்டின் பலத்தைவிட அது எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதில்தான் அவருக்குக் கண். ஃபோர்டு பொறியாளர்கள் செய்ததும் அதைத்தான்.

ஒரு லிட்டருக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபோர்டு பிக்கப்பில் லிட்டருக்கு 59. அந்தச் சூப்பர் கேரியில் 60. லாரியில் ஏறிய ஃபோர்டு 48-க்கு இறங்குகிறது. நம் பெட்ரோல் ஏஸ் 43. அளவில் மலையும் மடுவுமான இரண்டு எஞ்சின்கள், சுமை இழுக்கவேண்டும் என்று வந்தவுடன் ஏறக்குறைய ஒரே அடக்கத்துக்கு வந்துவிடுகின்றன. குட்டி யானையின் குறைந்த சக்தியைக் கேலி பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அதன் ஆயுளே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

அதை நாம் எப்படிக் கெடுக்கிறோம்? கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலை ஒன்றில், பத்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமையோடு ஒன்றரை டன் இருக்கும் பெட்ரோல் ஏஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சக்கரத்தில் சுமார் 13 குதிரைத்திறன் வேண்டும். கியரிலும் டிஃபரன்ஷியலிலும் கரைவதைச் சேர்த்தால் எஞ்சின் 15 தரவேண்டும். அதாவது தன் சக்தியில் பாதி. இன்னொரு டன் ஏற்றுங்கள். இப்போது 25 வேண்டும். அதன் முழு 30-உம் 4,000 சுற்றில்தான் கிடைக்கும் என்பதால், ஓட்டுநர் சின்ன கியரில் எஞ்சினை அலறவிட்டு ஏறவேண்டும். ஃபோர்டு எதைத் தவிர்க்கச் சக்தியை வெட்டியதோ, அதையே ஒரு டன் சரக்கால் நாம் வரவழைக்கிறோம்.

சிஎன்ஜி எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வாயு, சிலிண்டரில் காற்றுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சக்தி குறையும். ஏஸில் 30 என்பது 26 ஆகிறது. தவிர அது உலர்ந்த எரிபொருள். வால்வு சீட் சீக்கிரம் தேயும். கம்பெனியிலேயே வரும் சிஎன்ஜி எஞ்சினில் அதற்கென்று கெட்டியான சீட் போடுகிறார்கள். வெளியே கிட் மாட்டுகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாட்டட்டும்.

பராமரிப்பில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் மூடியை. அதன் உட்புறம் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீரை 120 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காமல் காப்பது இந்தச் சின்ன வளையம்தான். அது வெடித்துப்போனால் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியேறும், ஹெட் கேஸ்கெட் போகும், எஞ்சினை இறக்கவேண்டிவரும். புது மூடி வாங்குகிற செலவு ஒரு நடை வாடகைக்குக் காணாது. அதை மாற்றாமல், வழியில் கண்ட குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் உள்ளே துருவும் உப்புப் படிவமுமாக ஒட்டி, குளிரவைக்கவேண்டிய வழியையே அடைக்கிறது. கூலண்ட் ஊற்றுவதை ஆடம்பரமாக நினைப்பதை விட்டுவிடுங்கள்.

வாசகருக்கு என் யோசனை: பெரும்பாலும் முக்கால் டன்னுக்குள் ஏற்றுவதானால் பெட்ரோலைத் தைரியமாக எடுக்கலாம். ஏத்தன் குலை பத்துப் பன்னிரண்டு கிலோ என்றால் அறுபது முதல் எழுபத்தைந்து குலை. அதற்கு மேல் தினமும் ஏற்றுவீர்கள் என்றால், பெட்ரோலா டீசலா என்பதை விட்டுவிட்டு ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டியாகப் பாருங்கள். தோஸ்த் போன்றவை அதற்காகவே வந்தவை.

நம் மாவட்டத்தில் எஞ்சின்கள் சீக்கிரம் சாவதற்குப் பெரிய காரணம் வாடகை பேசும் முறை என்று நினைக்கிறேன். நடைக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். ஏற்றுகிறவருக்கு ஒரே நடையில் எல்லாம் போய்விட்டால் லாபம். 2019 திருத்தச் சட்டப்படி கூடுதல் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. கட்டுவது வண்டிக்காரர், எஞ்சினை இறக்கும் செலவும் மாதத் தவணையும் அவர் தலையில்தான். வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் வாடகையை எடைக்குப் பேசட்டும். ஓட்டுநர்களும் சங்கமாகக் கூடி அதைக் கேட்கட்டும். கடன் வாங்கி வண்டி எடுத்த ஒருவரின் எஞ்சினைத் தின்றுதான் நம் சரக்கு மலிவாக வந்துசேரவேண்டும் என்றால், அந்த மலிவு நமக்கு வேண்டாம்.