திரவ எருவுக்குப் பழைய பீப்பாய்கள்

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் முதலிய திரவ எருக்களை வீட்டிலேயே தயாரித்துப் பயிருக்கிடும் வழக்கம் குடியானவர்களிடையே பரவி வருகிறது. சாணம், கோமியம், வெல்லம், பயற்றுமாவு ஆகியவை கிராமத்திலேயே கிடைப்பவை. இவற்றை ஊறவைக்கக் கலம் ஒன்று வேண்டும். புதிதாய் வாங்கும் செலவைத் தவிர்க்க எண்ணிப் பழைய பீப்பாய்களையும் டப்பாக்களையும் எடுத்து உபயோகிப்பது இயல்பே, அதில் தவறுமில்லை. ஆனால் அக்கலத்தில் முன்பு இருந்தது யாது என்று விசாரியாமல் எடுப்பது, சொற்ப லாபத்திற்காகப் பயிரையும் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

விலக்க வேண்டியவை

பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி இருந்த கலத்தை எக்காரியத்திற்கும் மீண்டும் உபயோகிக்கலாகாது. லேபிலில் உள்ள குறியின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கில் எதுவாயினும் இவ்விதி மாறாது. பச்சை நிறம் விஷம் குறைவு என்று காட்டுமேயன்றி, விஷமே இல்லையென்று காட்டாது.

நன்றாய்க் கழுவினால் போதாதோ என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. பிளாஸ்டிக் சுவர் மருந்தைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். அது பின்னர் ஊற்றும் திரவத்தில் மெல்லக் கசியும். வாசனை போய்விட்டது என்பது விஷம் போனதற்கு அத்தாட்சியன்று. 2,4-டி என்னும் களைக்கொல்லி மிகச் சொற்பமாய்ப் பட்டாலும் பருத்தி, தக்காளி, திராட்சை ஆகியவற்றின் இலைகள் திரிந்து போகும். அம்மருந்திருந்த டப்பாவில் ஊறிய எருவை இட்டவர், பயிர் கெட்டபின் எருவின்மேல் பழி சுமத்துவார்.

2013-ம் வருஷம் ஜூலை மாதம் பீகார் மாநிலம் சாரண் ஜில்லாவில், ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் வெளியாயிற்று. பூச்சிமருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். எருவுக்கென்று தோட்டத்தில் வைத்த டப்பா, தண்ணீர் மொள்ளவோ எண்ணெய் வாங்கவோ வீட்டிற்குள் வந்து சேர வெகுநாள் ஆகாது.

பெயின்ட், என்ஜின் எண்ணெய், ஆசிட் இருந்தவையும், முன்பு இருந்தது இன்னதென்று தெரியாதவையும் ஆகா. பெட்ரோல், எண்ணெய் பீப்பாய்களை காஸ் நெருப்பால் அறுக்க முயல்வது மிகவும் அபாயம். உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். உலோகக் கலங்களும் இவ்வேலைக்கு உதவா. புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறுவதுபோல, புளிக்கும் எருவில் உலோகம் கரைந்து நுண்ணுயிர்களைக் கெடுக்கும்.

கொள்ளத்தக்கவை

வாயகன்ற மண்பானை, சிமெண்டுத் தொட்டி, சமையல் எண்ணெய் அல்லது பழக்கூழ் இருந்த கெட்டியான பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவை ஏற்றவை. பீப்பாயின் அடியில் முக்கோணத்துள் 2 அல்லது 5 என்ற இலக்கமிருந்தால் பிளாஸ்டிக் வகை நல்லது என்று கொள்ளலாம். முன்பு உள்ளே இருந்த பொருளை அவ்விலக்கம் தெரிவிக்காது. அதை விற்பவரிடம் கேட்டே அறியவேண்டும்.

சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, பன்முறை அலசி, வெயிலில் உலர்த்தியபின் பீப்பாயை நிழலில் சமதரையில் நிறுத்துக. 200 லிட்டர் பீப்பாயை விளிம்புவரை நிரப்பினால் கலக்கும்போது வழியும். ஆதலால் 150 லிட்டர் தண்ணீருக்குச் சாணம் 7½ கிலோ, கோமியம் 7½ லிட்டர், வெல்லம் 1½ கிலோ, பயற்றுமாவு 1½ கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி என்ற அளவில் ஜீவாமிர்தம் தயாரிப்பது உசிதம். மரக்கோலால் தினம் இருவேளை கலக்கி வந்தால் இரண்டு மூன்று நாளில் பக்குவமாகும்.

புளிக்கையில் வாயு உண்டாகிறது. மூடியை இறுகத் திருகினால் பீப்பாய் உப்பி வெடிக்கக்கூடும். கோணியோ நெருக்கமான துணியோ வாயில் கட்டினால் வாயு வெளியேறும். கொசுவும் உள்ளே போய் முட்டையிடாது. குழந்தைகளும் கன்றுகளும் அணுகாதபடி வேலி கட்டி, பீப்பாயின்மேல் "எரு - குடிக்கலாகாது" என்று பெரிதாய் எழுதிவைக்கவேண்டும். காலியான பீப்பாயைக் கவிழ்த்து வைப்பது அவசியம். மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு பெருகும்.

மருந்து டப்பாக்களை ஒழித்தல்

மருந்து தீர்ந்தவுடன் டப்பாவில் கால்பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிஷம் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றவேண்டும். இவ்வாறு மூன்று தடவை செய்தபின், வேறெவரும் எடுத்தாளாதபடி அடியில் ஓட்டையிடுக. இக்கழுவல் டப்பாவை ஒழிப்பதற்கேயன்றி மீண்டும் உபயோகிப்பதற்கன்று. காலிக் கலங்களை மறுபடி எடுத்தாளும்படி வெளியில் போட்டு வைக்கலாகாதென்று 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன.

வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் கிடக்கும் மருந்து டப்பாக்களைச் சேகரித்துப் பூட்டி வைப்பதற்குக் கிராம அதிகாரிகள் ஓரிடம் குறித்துக் கொடுப்பார்களானால் பேருபகாரமாயிருக்கும். அவை பழைய சாமான் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்து, நல்ல டப்பாக்களோடு கலந்து, மறுபடியும் குடியானவர் வீட்டுக்கே விலைக்கு வருவதைத் தடுக்க அதுவே வழி.