மூக்குச் சக்கரம் முதலில் தொட்டால்

செஸ்னா 172, நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். 1956-இல் சந்தைக்கு வந்தது. 44,000-க்கும் மேல் செய்யப்பட்டுவிட்டன. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. பறக்கப் பழகுகிறவர்கள் ஏராளமானோர் இதில்தான் பழகுகிறார்கள், இதில்தான் இடறவும் செய்கிறார்கள்.

இது ஓடுபாதையை நெருங்கும்போது வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் இருக்க வேண்டும். 'சற்றுக் கூடுதலாக வருவது பாதுகாப்பு' என்று நினைத்து ஒருவர் 75 நாட்டில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடியது பத்து நாட்தான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. தரையை ஒட்டிப் பறக்கும்போது காற்றின் இழுவையும் குறைந்துவிடும். விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். ஓடுபாதையின் மறுமுனை நெருங்க நெருங்கப் பதற்றம் ஏறும். பைலட் கைப்பிடியை முன்னால் தள்ளிவிடுவார். பாரம் தாங்கவென்றே அமைந்த பின்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்க, மூக்குச் சக்கரம் தரையில் அறையும். விமானம் பந்துபோல் எகிறும். மறுபடி தள்ளுவார்; முன்னைவிடப் பலமாக எகிறும். இப்படி இரண்டு மூன்று குதி குதித்தால் மூக்குச் சக்கரத்தின் கால் ஒடியலாம். அது பொருத்தப்பட்டிருக்கும், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகடு மடங்கிப்போகும். புரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினையே பிரித்துப் பார்த்தாக வேண்டும். செலவு பெரிது, ஆனால் உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வந்துவிடுவார்கள்.

உயிரைப் பறிப்பது அதற்கு முந்தைய திருப்பம். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும்போது அதன் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், சுக்கான் மிதியை அழுத்தி மூக்கை உள்ளே கொண்டுவரத் தோன்றும். அதனால் கூடும் சாய்வைத் தடுக்கக் கைப்பிடியை எதிர்ப்புறம் திருப்பி, கூடவே பின்னுக்கும் இழுப்பார். வேகம் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் உள்பக்க இறக்கை தூக்குவிசையை இழக்கும். விமானம் சுழன்று கவிழும். கீழே சில நூறு அடிதான் மிச்சம், சமாளித்து மேலெழ அது போதாது.

இரண்டு இடத்திலும் செய்யவேண்டியது ஒன்றுதான்: இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறி, மறுபடி சுற்றி வருவது. இதைத் தோல்வியாக நினைக்கும் பைலட்டைவிட, தயங்காமல் செய்கிற பைலட்டையே நான் நம்புவேன். அதிலும் கவனம் வேண்டும். முழு விசை கொடுத்ததும் மூக்கு தானாக மேலே கிளம்பும், அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இறங்குவதற்காக இறக்கி வைத்த ஃபிளாப்களை, அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை, சட்டென்று மடக்கினால் விமானம் அமிழும். படிப்படியாகத்தான் மடக்க வேண்டும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள், சரியாக இறங்கிக்கொண்டிருக்கும் மாணவரையும் திடீரென்று மேலேறச் சொல்கிறார்கள்.