குமிழி விடும் சர்க்கரை, கொல்லும் மெத்தனால்
பியரை வீட்டில் காய்ச்சும் நாடுகளில், புட்டியை மூடுமுன் லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும், நுரை பொங்கும். கல்வராயன் மலை ஓடைக்கரைகளில் போலீசார் கொட்டி அழிக்கும், கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கான வெல்ல ஊறல் குமிழி விடுவதும் ஈஸ்ட்டின் வேலைதான். ஆனால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.