வேலூரில் இறந்த மன்னரின் வீக்கம்

கொழும்புக் கோட்டையில், சிலிங்கோ கட்டடத்துக்கு முன்னால் ஒரு சின்னஞ்சிறு கட்டடம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அடைத்துவைத்த இடம் என்று காட்டுவார்கள். வெள்ளவத்தையிலிருந்து மாணவர்களை அங்கே கூட்டிப்போனபோது ஒருவன் கேட்டான்: "இந்த ராஜா குடிச்சிக் குடிச்சித்தானே சேர் செத்த?"

1815 பெப்ரவரி 18இல் பிடிபட்ட மன்னரை மறு ஆண்டு ஜனவரியில் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தார் 1806 எழுச்சி வரை காவலில் இருந்த அதே கோட்டைதான். அங்கேயே 1832 ஜனவரி 30இல் அவர் காலமானார். நோய் 'டிரொப்சி' என்று நூல்கள் சொல்கின்றன.

டிரொப்சி என்பது உண்மையில் ஒரு நோயின் பெயரல்ல. உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்கு அன்றைய டொக்டர்மார் இட்ட பெயர். வயிறு வீங்கினால் நம் பழைய வைத்தியர்கள் மகோதரம் என்பார்கள். இந்த வீக்கம் பல வழிகளில் வரும். இதயம் தளர்ந்தால் இரத்தம் பின்னால் தேங்கி, நீர் கால்களில் இறங்கும். ஈரல் இறுகினால் வயிற்றில் நீர் சேரும். இரத்தத்தில் அல்புமின் என்றொரு புரதம் உண்டு. நீரைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது அதுதான். பழுதான சிறுநீரகம் அதை ஒழுகவிட்டால் முகமும் காலும் ஊதிவிடும்.

இதைப் பிரித்தறியும் வழி மன்னர் உயிரோடிருந்த காலத்திலேயே வந்துவிட்டது. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சினார். முட்டை வெள்ளைக்கரு போல் திரைந்தால் சிறுநீரகக் கோளாறு. இதுபற்றி அவர் எழுதிய நூல் 1827இல் வெளிவந்தது.

மன்னரைக் குடிகாரர் என்று எழுதிவைத்தவர்கள் அவருடைய நாட்டைப் பிடித்தவர்கள். அந்த எழுத்தையும் 'டிரொப்சி'யையும் சேர்த்துப் படித்தால் 'ஈரல்தான்' என்று தோன்றும். அவர் குடிக்கவேயில்லை என்று வாதாட நான் வரவில்லை. வீக்கம் குடிக்குச் சாட்சியாகாது என்கிறேன், அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு சொந்த வலியும் உண்டு. கொட்டாஞ்சேனையில் வாப்பாவுக்குக் கால் வீங்கியபோது ஒரு டொக்டர் முதலில் கேட்டது, "குடிக்கிறதா?" என்றுதான். ஐவேளை தொழுத மனிதர், கூனிக்குறுகிப் போனார். பிறகு பார்த்தால் சிறுநீரகம். உயிரோடு முன்னால் இருந்தவரிடமே அப்படி என்றால், இருநூறு வருடத்துக்கு முந்தியவர் நிலை என்ன?

1815 மார்ச் 2 ஒப்பந்தத்தால் கண்டி எவருடைய முடிக்குப் போனதோ, அந்த மூன்றாம் ஜோர்ஜும் அப்போது பார்வையும் புத்தியும் தவறி வின்ட்சர் அரண்மனைக்குள் அடைந்து கிடந்தார். அவருக்கு வைத்தியர் குறிப்புகள் கட்டுக்கட்டாக உண்டு. 1966இல் ஐடா மக்கல்பைனும் மகன் ரிச்சர்ட் ஹன்டரும் அவற்றைப் படித்துப் போர்பிரியா என்ற பரம்பரை நோய் என்றார்கள். 2005இல் அவருடைய தலைமுடியைச் சோதித்ததில் ஆர்சனிக் மிகுதியாக இருந்தது. இல்லை, மனநோய்தான் என்கிறார்கள் வேறு சிலர். அத்தனை ஏடு இருந்தும் வழக்கு முடியவில்லை. நம்மவருக்கு நான் படித்த நூல்களில் இருப்பதோ ஒரேயொரு சொல்.

மாணவனிடம், "வீக்கத்தால் இறந்தார் என்று எழுது, புள்ளி தருவேன், குடியால் என்று எழுதினால் ஆதாரம் கேட்பேன்" என்றேன்.